தொந்தரவு: பூஜ்யம்

செப்டம்பர் 4, புதன்

டைரி எழுதும் ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. ஒரு நாளில் நேரம் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்தால்தான் அடைக்க முடியும். அதற்காக இந்த நோட்டு. போனில் குறிக்கலாம் என்றால், போனை எடுத்த கையோடு பத்து நிமிடம் போய்விடுகிறது.

சென்னை ஆபீஸில் பாதித் தளத்தைக் காலி செய்துவிட்டார்கள். எங்கள் டீம் டிசம்பர் வரை வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம். வேலை குறையாமல் இருந்தால் அதற்குப் பிறகும் ஊரிலேயே இருக்கலாம். குறைந்தால் ஜனவரியில் மறுபடி சென்னை, மறுபடி ஒரே அறையில் நாலு பேர், ஒரு பாத்ரூம். நான் போகமாட்டேன்.

இன்றைய தொந்தரவு: 23. அழைப்பு மணி 9, அம்மா 8, குக்கர் 4, மதினி 2.

அம்மாவின் எட்டில் ஒன்று: "மேல சட்ட, கீழ கைலி. இதுக்குப் பேரு ஆபீசாடா?"

செப்டம்பர் 6, வெள்ளி

மணிதான் பெரிய வில்லன். எங்களுடையது மாடி வீடு. கீழே உரக்கடைக்காரரின் குடோன், பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். படிக்கட்டின் அடியில் கிரில் கதவு, அதற்கும் எப்போதும் பூட்டு. மணியின் பொத்தான் கிரில் பக்கத்தில், பெட்டி என் அறை வாசலுக்கு மேலே. அழுத்தினால் கிளி கத்தும். அண்ணன் வாங்கி மாட்டியது. டிங்-டாங் என்று அடிக்கிற சாதாரண மணி அவனுக்குப் போதவில்லை.

அண்ணன் ஒரு அரசு அலுவலகத்தில் ஜீப் ஓட்டினான். நான்கு வருடம் முன்பு வேலையில் இருக்கும்போதே விபத்தில் போய்விட்டான். கருணை அடிப்படையில் அங்கேயே ஒரு வேலை அவன் மனைவி முப்பிடாதி மதினிக்கு வரவேண்டும், அலுவலக உதவியாளராக. எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று அம்மாவும் நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். நான் கேட்ட அன்றே போட்டேன். அம்மா ஒன்றரை வருடம் இழுத்தாள். வேலை கிடைத்தால் மதினி தனியாகப் போய்விடுவார் என்று அவளுக்குப் பயம். இப்போது எல்லாம் முடிந்து, அசல் சான்றிதழ்களோடு வரச்சொல்லிப் பதிவுத் தபால் வரவேண்டியதுதான் பாக்கி. மதினியின் தொந்தரவு இரண்டும் அதைப் பற்றியதுதான்.

"தம்பி, தபால் எதும் வந்துச்சா?"

"வந்தா ஒங்களுக்குத் தராம நான் வறுத்தா திங்கப் போறேன்?"

மதினி சிரித்தார். "கொழுந்தனாருக்குக் கோவம் மூக்கு நுனியில நிக்கி. அதுக்கில்ல. சவரிமுத்து அண்ணாச்சி கால ஒடச்சுக்கிட்டு லீவுல கெடக்காராம். பதிலுக்கு வேற யாரோ வாராங்களாம். அவங்களுக்கு நம்ம வீடு தெரியணுமேன்னு கேட்டேன்."

தபால்காரர் சவரிமுத்து மணியே அடிக்கமாட்டார். தெருவில் நின்று "ஏ முப்பிடாதீ" என்று ஒரு குரல் கொடுத்தால் குடோன் தகரம் அதிரும்.

"விலாசம் இருக்குல்லா மதினி. பெறகு விலாசம்னு எதுக்கு எழுதுதாங்க?" என்று கதவைச் சாத்திவிட்டேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

வெளிநாட்டு வாடிக்கையாளரோடு மீட்டிங். என்னுடைய பகுதியை விளக்கிக்கொண்டிருக்கும்போது கிளி கத்தியது. நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி கத்தியது. பன்னிரண்டு பேர் முகம் தெரிகிறது, பன்னிரண்டு பேரும் சிரிக்கிறார்கள். மேனேஜர் மைக்கைத் திறந்து, "செண்பகராஜ், வீட்ல பறவைச் சரணாலயமா?" என்றார்.

வந்தது தீபாவளிப் பலகாரச் சீட்டுக்குப் பணம் வசூலிப்பவர். தெருப் பெயர் மாறி வந்துவிட்டாராம்.

மீட்டிங் முடிந்ததும் ஸ்டூல் போட்டு ஏறினேன். பெட்டியைத் திறந்து ஒரு வயரைக் கழற்றி டேப் சுற்றி, மூடிவிட்டேன். நான்கு நிமிட வேலை. அம்மாவிடம் சொன்னால் வாதம் வரும், வாதத்துக்கு அரை மணி நேரம். சாயங்காலம் ஏழு மணிக்கு மாட்டிவிட்டுக் காலையில் கழற்றினால் போதும்.

செப்டம்பர் 11, புதன்

நேற்று ஏழு மணிக்கு மாட்டவில்லை. ஒருவருக்கும் தெரியவும் இல்லை. கீரைக்காரி கீழே நின்று கத்துகிறாள். தண்ணீர்க் கேன்காரர் போன் செய்கிறார். அம்மாவுக்கு எப்படியும் இடது காது மந்தம். மதினி பகலெல்லாம் பின்கட்டுச் சமையலறையில், மிக்ஸியும் புகைபோக்கி விசிறியுமாக. இந்த வீட்டுக்கு மணியே தேவையில்லை என்று தெரிகிறது.

தொந்தரவு: 6.

செப்டம்பர் 13, வெள்ளி

ஒன்றரை மணி நேரத் துண்டுகளாக நாளை வெட்டிக்கொண்டேன். ஒரு துண்டு வேலை, பத்து நிமிடம் நடை. காதில் சத்தம் தடுக்கும் ஹெட்போன். குக்கர் வைப்பதைக் காலை எட்டு மணிக்கு முன்னால் முடித்துக்கொள்ளச் சொன்னேன். மதினி ஒத்துக்கொண்டார். அம்மா, "இவனுக்காக இனிம சோறும் வாயத் தொறக்காம வேகணும்" என்றாள்.

தொந்தரவு: 3. நான்கு நாள் வேலை இரண்டு நாளில் முடிந்தது.

செப்டம்பர் 18, புதன்

நாள் முழுக்க மீட்டிங். 12.10க்கு ஜன்னலில் வெளிச்சம் ஆடியது. தெருவில் யாரோ ஒரு பெண் சைக்கிளை நிறுத்திவிட்டு மேலே பார்த்து வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். ஹெட்போனில் ஒன்றும் கேட்கவில்லை. ஏதாவது விற்க வந்திருப்பாள். திரையை இழுத்துவிட்டேன்.

தொந்தரவு: பூஜ்யம். முதல் தடவை.

செப்டம்பர் 19, வியாழன்

தொந்தரவு: பூஜ்யம்.

செப்டம்பர் 20, வெள்ளி

தொந்தரவு: பூஜ்யம். மூன்று நாள் தொடர்ச்சியாக. மேனேஜர் என் வேலை வேகத்தைப் படம் போட்டு எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை மற்ற டீம்களுக்கு என் முறையை விளக்க வேண்டுமாம்.

செப்டம்பர் 21, சனி

விடுமுறை. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் படிக்கட்டை நான் கூட்டினேன். கிரில்லுக்கு உள்ளே ஒரு குவியல். ஜவுளிக்கடை நோட்டீஸ், டியூஷன் நோட்டீஸ், கேபிள்காரரின் ரசீது, ஏதோ ஃபாரம் மாதிரி ஒரு சின்னச் சீட்டு. மொத்தமாக அள்ளிக் குப்பைவண்டியில் போட்டேன். வேலை: ஏழு நிமிடம்.

செப்டம்பர் 27, வெள்ளி

பேசினேன். நாற்பது பேர். தலைப்பு, வீட்டிலிருந்து பயனுள்ள வேலை. முதல் குறிப்பாக, அழைப்பு மணியைக் கழற்றுங்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நான் கழற்றிவிட்டேன் என்றதும் கைதட்டல் பொம்மைகள் திரையில் பறந்தன. உண்மையிலேயே முக்கியமானவர்கள் போன் செய்வார்கள், மணி அடிப்பவர்களுக்கு உங்கள் நேரம் ஓசி என்றேன். இந்த வரியை யாரோ எழுதி எடுத்துக்கொண்டார்களாம்.

அக்டோபர் 4, வெள்ளி

தபால் வந்ததா என்று மதினி கேட்டார். இல்லை என்றேன். தொந்தரவு: 1.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. மதினி காலையிலேயே வீட்டிலுள்ள அத்தனைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அரிவாள்மனை, மிக்ஸி, என் லேப்டாப். அண்ணனின் டிரைவிங் லைசென்ஸை எடுத்து அதற்கும் ஒரு பொட்டு. பிறகு ஸ்டூலில் ஏறி மணிப்பெட்டியை ஈரத்துணியால் துடைத்து, அதற்கும் வைத்தார்.

"அவுக வாங்குனதுல்லா. வச்சாத்தான நமக்கு நல்ல சேதியா அடிக்கும்" என்றார்.

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கு மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். திங்கள்கிழமை பெரிய மென்பொருள் வெளியீடு இருக்கிறது. அது முடியட்டும்.

அக்டோபர் 16, புதன்

மதினி கடிதம் வராததைப் பொறுக்க முடியாமல் இன்று திருநெல்வேலிக்கே போய் அண்ணனின் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வந்தார். மூன்றரை மணிக்குத் திரும்பினார். செருப்பைக் கழற்றாமலேயே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஹெட்போனை எடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

கடிதம் செப்டம்பர் 16ஆம் தேதியே அனுப்பப்பட்டிருக்கிறது. அக்டோபர் 4ஆம் தேதி காலை பதினோரு மணிக்கு நேரில் வரச்சொல்லி. வராவிட்டால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள் என்றும் அதிலேயே இருக்கிறது. கடிதம் திரும்பிப் போய்விட்டது. கவரை எடுத்துக் காட்டினார்களாம். மூன்று தேதி, கீழே 'கதவு பூட்டு, அறிவிப்புச் சீட்டு போடப்பட்டது' என்று எழுத்து. அடுத்தவர் வந்து, சான்றிதழ் காட்டி, போன திங்கள்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டார்.

"வீட்ட விட்டு நான் எங்க போனேன்?" மதினி அம்மாவைப் பார்த்துக் கேட்டார். "செப்டம்பர் முழுக்க ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போவலையே."

"நானும் இங்கனதான கெடக்கேன்," அம்மா சொன்னாள். "பெல்லு சத்தமே கேக்கலையே. அந்தப் பதிலி ஆளு வந்தே இருக்காது. வந்தேன்னு எழுதிப்போட்டுட்டு வீட்டுக்குப் போயிருக்கும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் படித்தவன், விஷயம் தெரிந்தவன். அதோடு நான் பார்க்கும் வேலையே பார்சல் கொண்டுபோகும் ஆட்களுக்கான மென்பொருள்தான். பொருள் சேரவில்லை என்றால் காரணம் கேட்கும் பெட்டியில் 'கதவு பூட்டு' என்று அழுத்துவார்கள். அதில் எத்தனையோ பொய் என்று எங்களுக்குத் தெரியும். போகாமலேயே அழுத்துவார்கள்.

"நெறைய பேரு அப்படித்தான் செய்வாங்க" என்றேன்.

சொன்னது பொய்யில்லை.

அக்டோபர் 17, வியாழன்

அஞ்சல் கண்காணிப்பாளருக்குப் புகார் எழுதிக் கொடுத்தேன். ஒன்றேகால் பக்கம். வீட்டில் எப்போதும் ஆள் உண்டு, அழைப்பு மணி உண்டு, அறிவிப்புச் சீட்டு எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை, பதிலி ஊழியர் நேரில் வராமலேயே குறிப்பு எழுதியிருப்பதாகக் கருதுகிறோம், ஒரு விதவையின் வாழ்வாதாரம் போயிருக்கிறது, தக்க நடவடிக்கை. மதினி கையெழுத்துப் போட்டார்.

அம்மாவும் மதினியும் செண்பகவல்லி கோவிலுக்குப் போயிருந்தபோது வயரிங்கைச் சரிபார்த்தேன். மணி வேலை செய்கிறது.

பெட்டியில் பொட்டு காய்ந்து உதிர்ந்தது. ஒரு துளி என் சட்டையில்.

அக்டோபர் 21, திங்கள்

மதினி வீட்டைச் சுத்தம் செய்கிறார். அம்மாவின் மெத்தையைப் புரட்டினார், தலையணை உறை மாற்றினார், டிரங்குப் பெட்டிக்குக் கீழே கூட்டினார். போன வெள்ளியும் கூட்டினார்.

"என்னத்தத் தேடுத?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்லத்த. ஒட்டட."

"கட்டிலுக்கு அடியிலயா ஒட்டட இருக்கும்?"

மதினி டிரங்குப் பெட்டியைச் சுவரோரம் தள்ளினார். ராத்திரி அம்மா தனியாகச் சாப்பிட்டாள்.

தொந்தரவுக் கணக்கு இப்போது எழுதுவதில்லை. நேரம் இல்லை.

அக்டோபர் 25, வெள்ளி

பதினொன்றரைக்குக் கிளி கத்தியது. கீழே போனேன். சைக்கிளோடு ஒரு பெண், இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். கையில் ஒரு சின்ன நோட்டு. பெயர் ஜெபக்கனி. பதிலித் தபால்காரி. புகாரைக் காட்டி விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். மேலே கூட்டிவந்தேன்.

"நான் மூணு நாளும் வந்தேன்மா," அவள் மதினியிடம்தான் பேசினாள். "பதினெட்டு, பத்தொம்பது, இருவது. நேரங்கூட எழுதி வச்சிருக்கேன், பாருங்க. சவரிமுத்து சாருதான் சொல்லிக் குடுத்தாரு, பதிவுத் தபாலுன்னா நேரம் குறிச்சிக்கோன்னு. மொத நாளு பெல்லு அடிச்சேன், கூப்பிட்டும் பாத்தேன். மேல ஜன்னல்ல ஒருத்தரு திரைய இழுத்தாரு."

"எங்க வீட்டு ஜன்னல்லயா?" அம்மா கேட்டாள். "எந்த வீட்ட பாத்தியோ. இருக்க ஆளு எதுக்குத் திரைய இழுக்கும்?"

"இந்த வீடுதாம்மா. பெல்லு அமுக்குனேன், சத்தமே வரல. சரி, மேல கேக்கும்போலன்னு நெனச்சேன்."

"சத்தம் வரலையா? இப்ப அடிச்சியே, எப்படி அடிச்சுது?"

ஜெபக்கனி வாசலுக்கு மேலே பெட்டியைப் பார்த்தாள். அம்மா விடவில்லை. படியில் மெல்ல இறங்கி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டே கீழே போய், பொத்தானை அமுக்கினாள். கிளி கத்தியது. இன்னொரு முறை அமுக்கினாள்.

"இந்தா அடிக்குதுல்லா," கீழிருந்து குரல் வந்தது. "அடிச்சேன், வரலன்னு யாருகிட்ட கத சொல்லுத?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். திரையை இழுத்தவன் நான்தான் என்று அடையாளம் தெரிந்திருக்காது. வெயிலில் நின்று மேலே பார்த்தால் ஆள் நிழலாகத்தான் தெரியும்.

"சார், நீங்களாவது சொல்லுங்க சார். பதிலி வேலதான் சார். புகார்னு ஒண்ணு விழுந்தா மறுபடி கூப்பிட மாட்டாங்க."

"நீங்க விளக்கத்த எழுதிக் குடுங்க. விசாரிக்கட்டும்" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினாள். எனக்குப் பன்னிரண்டு மணிக்கு மீட்டிங் இருந்தது. கலந்துகொண்டேன். என்ன பேசினார்கள் என்று இப்போது கேட்டால் தெரியாது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மதினி எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை. அம்மா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு விட்டுவிட்டாள்.

நவம்பர் 4, திங்கள்

நோட்டைப் புரட்டினேன். செப்டம்பர் பதினெட்டாம் தேதி, 12.10. நானே எழுதியிருக்கிறேன். ஜெபக்கனியின் நோட்டிலும் 12.10. தலைகீழாகப் பார்த்தபோதே என் கண்ணில் பட்டது. அவள் எழுத்து குண்டு குண்டாக இருந்தது. பத்தொன்பது, இருபது இரண்டிலும் நான் பூஜ்யம் என்று போட்டிருக்கிறேன். அவள் நேரம் போட்டிருக்கிறாள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு தப்பும் கிடையாது. இவ்வளவு துல்லியமாகப் பொருந்துகிற இரண்டு பதிவுகளை நான் வேலையில்கூடப் பார்த்ததில்லை.

இருபத்தொன்றாம் தேதியையும் படித்தேன். ஏதோ ஃபாரம் மாதிரி ஒரு சின்னச் சீட்டு. அன்றைக்குக்கூட அதை எடுத்துக்கொண்டு தபால் நிலையம் போயிருந்தால் கடிதம் அங்கேதான் இருந்திருக்கும். ஏழு நாள் வைத்திருப்பார்கள். நடந்தால் பத்து நிமிடம்.

அக்டோபர் பதினேழாம் தேதி, வயரை மாட்டினேன் என்று எழுதாமல் 'வயரிங்கைச் சரிபார்த்தேன்' என்று எழுதியிருக்கிறேன். என்னைத் தவிர யாரும் படிக்காத நோட்டில்கூட.

நவம்பர் 5, செவ்வாய்

மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நோட்டை நீட்டினேன்.

"இத வாசிங்க."

"என்ன தம்பி, ஆபீசு சம்பந்தமா?"

"செப்டம்பர் பத்துல இருந்து வாசிங்க."

கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினார். விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். என் கையெழுத்து மோசம். சில இடத்தில் நின்று, இது என்ன வார்த்தை என்று கேட்டார். நானே படித்துக் காட்ட வேண்டியிருந்தது. "டேப்" என்றேன். "குப்பைவண்டி" என்றேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. அக்டோபர் 4 வந்தபோது அந்த ஒரு வரியில் விரல் வெகுநேரம் நின்றது.

அக்டோபர் 25 வரை படித்துவிட்டு மூடினார்.

"அந்தப் பிள்ள அழுதுக்கிட்டுப் போச்சே. அப்பமும் நின்னு பாத்துக்கிட்டுதான இருந்தீக."

"ஆமா."

"அத்தையத்தான் சீட்ட ஒளிச்ச திருடின்னு நெனச்சேன். பதினஞ்சு நாளா அவுக மொகத்த நேரா பாக்கல நான்."

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். வேலை போய்விடும், சென்னைக்கு அனுப்பிவிடுவார்கள், மீட்டிங்கில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே கேட்கக் கேட்கச் சகிக்கவில்லை. பாதியில் நிறுத்தினேன்.

"சத்தம் எடஞ்சல்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா," மதினி வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். குரல் உயரவில்லை. "பெல்லக் கழட்டிட்டேன் மதினின்னு. அவ்வளவுதான. நான் கீழ படியில போயி உக்காந்திருப்பேன். நாலு வருசம் இருந்தவ, இன்னும் நாலு நாளு படியில இருக்க மாட்டனா?"

அம்மா எப்போது வாசலில் வந்து நின்றாள் என்று தெரியவில்லை. எவ்வளவு கேட்டதோ. மதினி எழுந்து அவள் கையைப் பிடித்தார். அம்மா கையை உருவிக்கொள்ளவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

நவம்பர் 7, வியாழன்

நேற்று லீவு கேட்டேன். மேனேஜர் காரணம் கேட்டார். சொந்த வேலை என்றேன். இரண்டு மாதத்தில் முதல் லீவு.

நோட்டின் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், மணியைக் கழற்றியது, சீட்டைக் குப்பையில் போட்டது இரண்டும் நான் என்றும் எழுதி, தபால் நிலையத்தில் விசாரணை செய்கிற ஆய்வாளரிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்தார்.

"இன்ஜினியரா?"

"ஆமா சார்."

"தெளிவா எழுதியிருக்கீங்க," என்றார். "புகாரும் தெளிவாத்தான் எழுதியிருந்தீங்க."

ஜெபக்கனியை ஒன்றாம் தேதியோடு நிறுத்திவிட்டார்களாம். சவரிமுத்து வேலைக்குத் திரும்பிவிட்டதால் எப்படியும் நிறுத்த வேண்டியதுதான். ஆனால் அடுத்த தடவை கூப்பிடும் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே கேள்விக்குறி போட்டிருந்தது. இந்தக் கடிதத்தைக் கோப்பில் சேர்க்கிறேன், மேலே அனுப்புகிறேன், முடிவு என் கையில் இல்லை என்றார்.

விலாசம் கேட்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன். கையிலிருந்த துணியைப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டினாள்.

"நீங்கதான் திரைய இழுத்ததா?"

"ஆமா."

"வேண்டாத தபால்போலன்னு நெனச்சேன் சார். வக்கீல் நோட்டீசுன்னா அப்படித்தான் உள்ள போயிருவாங்க. நீங்க அப்படி இழுத்ததுனாலதான் மறுநாள் ரெம்ப நேரம் கூப்பிடல. அது என் தப்புதான்."

"ஒங்க தப்பு ஒண்ணுமில்ல."

"அத எழுதிக் குடுத்துட்டீங்கள்ல?"

"குடுத்துட்டேன்."

"சரி" என்று அடுத்த துணியை எடுத்தாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நவம்பர் 18, திங்கள்

மதினியோடு திருநெல்வேலி போனேன். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. இரண்டு மணி நேரத்தில் அவர் பேசியது ஒன்றே ஒன்று, "ஜன்னலச் சாத்துங்க, தூசி."

மதினிக்கு மறுபடி வாய்ப்புக் கேட்டு அண்ணனின் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். கூடவே என் நோட்டின் ஜெராக்ஸ், தபால் ஆய்வாளரிடம் கேட்டு வாங்கியிருந்த கடிதம். கண்காணிப்பாளர் அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, 'தொந்தரவு: பூஜ்யம்' என்ற வரிக்கு வந்ததும் என்னை ஒருமுறை பார்த்தார். அவர் சொன்னது இவ்வளவுதான். நிரம்பிய இடத்தை ஒன்றும் செய்ய முடியாது. மனுவை ஏற்றால் பட்டியலின் கடைசியில் பெயர் சேரும். அடுத்த காலியிடம் ஆறு மாதத்திலும் வரலாம், மூன்று வருடத்திலும் வரலாம். ஏற்றார்களா இல்லையா என்பது தபாலில் வரும்.

"தபால்லதானா மேடம்? மெயில், போன்..." என்றேன்.

"பதிவுத் தபால்லதான். கையெழுத்துப் போட்டு வாங்கணும்."

திரும்பும்போதுதான் கவனித்தேன். மதினி பதிமூன்று நாளாக என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

ஜனவரிக்குப் பிறகும் வீட்டிலிருந்தே தொடரலாம் என்று மெயில் வந்தது. என் பேச்சைப் புதிதாகச் சேர்பவர்களுக்குக் காட்டும் பாடமாக வைக்கப்போகிறார்களாம். முதல் குறிப்பை எடுத்துவிடச் சொல்லி எழுதினேன். அதுதானே எல்லோருக்கும் பிடித்தது, ஏன் என்று மேனேஜர் கேட்டார். காரணத்தை எழுதினேன். நான்கு வரி. பதிலுக்கு ஒரு கைகூப்பும் பொம்மை மட்டும் வந்தது. குறிப்பை எடுத்தார்களா தெரியவில்லை.

அம்மாவிடம் மெயிலைப் பற்றிச் சொன்னேன். "அதுக்குத்தான எல்லாம்" என்றாள்.

டிசம்பர் 6, வெள்ளி

காலை பதினொன்று முதல் ஒரு மணி வரை கீழ்ப்படியில் வேலை பார்க்கிறேன். நான்காவது நாள். வைஃபை அங்கே எட்டாது, போனிலிருந்து இணைத்துக்கொள்கிறேன். அடிக்கடி அறுந்துபோகிறது. ஹெட்போன் போடுவதில்லை. மீட்டிங்கில் கீரைக்காரியின் குரல் கேட்கிறது, குடோன் லாரி பின்னால் வரும் சத்தம் கேட்கிறது. இன்று யாரோ சிரித்தார்கள். நான் பேசி முடித்தேன்.

முதல் நாள் அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒனக்குத்தான் அறை இருக்கே" என்றாள். மதினி என்னைத் தாண்டி இறங்கிக் கீரை வாங்கிக்கொண்டு ஏறினார். நேற்று, நான் மேலே போவதற்குள், இரண்டாவது படியில் ஒரு டம்ளர் மோர் மூடி வைத்திருந்தது. யார் வைத்தது என்று கேட்கவில்லை. குடித்துவிட்டுக் கழுவி வைத்தேன்.

மணியைக் காலையில் ஒருமுறை அமுக்கிப் பார்த்துக்கொள்கிறேன். அடிக்கிறது.

12.10க்குச் சவரிமுத்து அண்ணாச்சி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். இன்னும் நொண்டுகிறார். எழுந்து கிரில் பக்கத்தில் போய் நின்றேன். அவர் நிற்கவில்லை, கையை மட்டும் லேசாக ஆட்டினார்.

"இன்னைக்கும் இல்லடே."

மாடியில் சமையலறை விசிறி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓட ஆரம்பித்தது.

ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

தொந்தரவு: பூஜ்யம்.